கரியர் இல்லை

மனிதன் செய்த எந்த மிஷினும் தன் உண்மையை ஒரே ஒரு ஆளிடம்தான் கக்கும். அந்த மிஷினோடு வந்த விளக்கப் புத்தகத்தை வாழ்நாளில் திறந்து பாராத ஆளிடம். மண்ணெண்ணெய் அடுப்பு முதல் விண்வெளி ஓடம் வரை இதற்கு விலக்கில்லை. இந்த விதியைக் கண்டுபிடித்தவர் சாய்ந்தமருது துப்பறியும் ஷரிபுதீன். கண்டுபிடித்த மாதத்திலிருந்து அவருடைய வீட்டு நீர்ப்பம்பு தண்ணீர் இறைக்கவில்லை என்பது வேறு கதை. அதை அவருடைய மனைவியின் தம்பியும் துப்பறியும் உதவியாளனுமான ஜெமீல் மட்டும்தான் வெளியில் சொல்லித் திரிந்தான்.

"புத்தகம் வாசிச்சுத் துப்பறியிறவன் மூளைய வாடகைக்கு எடுக்கிறவன்," என்றார் ஷரிபுதீன்.

அவர் அப்படிச் சொன்னது மருதமுனையில், காலிதீன் முதலாளியின் கைத்தறிக் கூடத்து ஒபிஸ் அறையில். எண்பத்தொன்பதாம் வருஷம், ஒரு புதன்கிழமை, பகல் இரண்டே கால் மணி. யாரும் அவரிடம் கொள்கை விளக்கம் கேட்கவில்லை. டைப்பிஸ்ட் நதீரா, அண்ணன் முறை வைத்து, "காக்கா, அந்தப் புத்தகத்த ஒருக்காப் பார்த்தா என்ன?" என்று மட்டும் கேட்டிருந்தாள். அன்றைக்கு அவள் அப்படிக் கேட்டது அது மூன்றாவது தடவை.

அந்தப் புத்தகம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. ஆனால் அதன் மேல் மோடம் இருந்தது. மோடம் என்பது கொம்பியூட்டருக்கும் டெலிபோனுக்கும் நடுவில் இருந்து தரகு வேலை பார்க்கும் ஒரு கறுப்புப் பெட்டி. இந்தப் பக்கத்துக் கதையைச் சீழ்க்கையாக மாற்றிக் கம்பியில் விடும். அந்தப் பக்கத்தில் இன்னொரு பெட்டி சீழ்க்கையைத் திரும்பக் கதையாக மாற்றும். கொழும்பிலிருந்து வந்து அதைப் பூட்டிய என்ஜினியர், பெட்டியை ஆட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மேசை பள்ளம் என்பதால் முதலாளி அதற்குக் கீழே விளக்கப் புத்தகத்தை முட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து பெட்டியும் ஆடவில்லை, புத்தகமும் ஆடவில்லை.

ஆடியது நதீராவின் வேலைதான்.

ஒன்பது நாளாக, இடுப்பில் கட்டுகிற மருதமுனைச் சாறனின் டிசைன் ஒன்றும் கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. காலையில் பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் நதீரா அனுப்பினாள். கொழும்பு ஆட்கள், டிசைன் வரவில்லை என்றார்கள். இன்று காலையில் அவர்களே கோல் எடுத்து, நாலரைக்குள் டிசைன் வராவிட்டால் மூவாயிரம் சாறனையும் வேறு ஊரில் நெய்விப்போம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். போதாததற்குக் கல்முனைக் கடையொன்றில் அதே ஊதாக் கட்டச் சாறன் தொங்குவதாக முதலாளிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

காலிதீன் முதலாளி கூட்டிக் கழித்துப் பார்த்தார். டிசைன் இங்கிருந்து போகிறது, அங்கே சேரவில்லை, கல்முனையில் தொங்குகிறது. பெட்டியைத் தொடுகிற ஆள் ஒருத்திதான்.

"நாலரைக்குள்ள போகல்லெண்டா," என்று அவர் நதீராவைப் பாராமல் சுவரைப் பார்த்துச் சொன்னார், "நாளைக்கு நீ வரத் தேவல்ல. நீ பார்த்த வேலய உன்ட வாப்பாக்கிட்டப் பள்ளியில வெச்சே சொல்லுவன்."

நதீராவின் முகம் வெளுத்தது. வேலை போவது ஒன்று. பள்ளிவாசலில், நாலு பேர் முன்னால், பெற்ற வாப்பா தலையைக் குனிந்துகொண்டு நிற்பது இன்னொன்று.

"கட்டம் எண்டா எல்லாச் சாறனும் கட்டம்தானே முதலாளி," என்றான் ஜெமீல். முதலாளி அதையும் சுவரைப் பார்த்தே கேட்டுக்கொண்டார்.

உண்மையில் ஷரிபுதீனின் கையில் அந்த வாரம் இன்னொரு வழக்கும் இருந்தது. கல்முனை அரிசி ஆலைக்காரர் சீனிமுகம்மது ஹாஜியாரின் வீட்டு டெலிபோனில் ஒன்றரைக் கிழமையாக ஒரு ஜின் சீழ்க்கை அடித்தது. எடுத்து ஹலோ சொன்னால் மறுபக்கத்தில் பேச்சு இல்லை. இரண்டு செக்கனுக்கு ஒருக்கா 'பீ' என்று ஒரு சீழ்க்கை மட்டும். ஹாஜியார் குர்ஆனின் காவல் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதினால், ஓதி முடியும்போது ஜின் டெலிபோனை வைத்துவிட்டுப் போய்விடும். ஓதல் பலிக்கிறது, ஆனபடியால் அது ஜின்தான் என்பது ஹாஜியாரின் முடிவு. அதிலும் அரசாங்கக் கந்தோர் கந்தோராய் இரண்டு வருஷம் அலைந்து வாங்கிய, பறக்கத்தும் அருளும் உள்ள நம்பரில் வந்து சீழ்க்கை அடிக்கிறதே என்பதுதான் அவருடைய பெரிய மனவருத்தம். ஷரிபுதீன் அந்த வழக்கை ஒதுக்கி வைத்திருந்தார். ஜின்களை விசாரிக்க அவரிடம் அதிகாரம் இல்லை என்று சொன்னார்.

"சரி மகள். நீ வழமையா என்ன செய்வியோ அத செய். நாங்க பார்க்கிறம்."

நதீரா தட்டினாள். திரையில் ஒரே வரி. PM @SARAM.

"இவ்வளவுதானா?" என்றார் ஷரிபுதீன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

நதீரா விளக்கினாள். PM என்பது அனுப்புகிற புரோக்கிராமின் பெயர். எந்த வேகத்தில், எந்த நம்பருக்கு, எப்படி அனுப்புவது என்று அதன் பக்கத்திலேயே நீளமாகத் தட்ட வேண்டும். முதல் நாள் என்ஜினியர் அப்படித்தான் தட்டினார், டிசைனும் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவ்வளவையும் தட்டப் பிழை வருகிறது என்று, அவர் சொல்லிக் கொடுத்தபடி அவள் அவ்வளவையும் SARAM என்ற சின்னப் பைலில் எழுதி வைத்துக்கொண்டாள். புரோக்கிராம் அதை மேலிருந்து கீழாக வாசித்து வேலை செய்யும்.

பைலைத் திறந்து காட்டினாள். தலைப்பில் வழமைபோல 786. அதற்குக் கீழே /S /B1200. அதற்குக் கீழே /M0 /Q /T45. கடைசியில் கொழும்பு நம்பர்.

ஷரிபுதீன் மூக்குக் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். பிறகு அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைக் கண்டால் ஜெமீல் வாசற்பக்கம் ஓரடி நகர்ந்துவிடுவான்.

"மச்சான், பார்த்தியா? எழுத்துகள். S, B, M, Q, T. இது பேர்ப் பட்டியல்."

ஒவ்வொரு எழுத்தும் கூட்டத்தில் ஒருவனுடைய முதலெழுத்து என்றார். சாய்கோடு, ஆளைப் பிரிக்கிற கோடு. M என்பவனுக்குப் பக்கத்தில் சைபர் இருப்பதால் அவனுக்குப் பங்கு இல்லை. Q என்பவன்தான் தலைவன். நம்முடைய ஊரில் Q-வில் தொடங்குகிற பெயர் குறைவு, அமுக்கிவிடலாம்.

"S எண்டா ஷரிபுதீனும் வரும் மச்சான்," என்றான் ஜெமீல். "முதல்ல உங்களத்தான் அமுக்கணும்."

நதீரா தனக்குத் தெரிந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். S என்றால் அனுப்பு. B வேகம். M0 போட்டால் பெட்டிக்குள் இருக்கிற ஸ்பீக்கர் சத்தம் போடாது. அந்த இரைச்சல் காதைப் பிளக்கிறது என்று முதலாளி ஏசியதால் என்ஜினியர் போட்டது. Q போட்டால் நடக்கிறதையெல்லாம் திரையில் எழுதிக்கொண்டிராது; ஓடுகிற எழுத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று முதலாளி சொன்னதால் போட்டது. T45 என்றால் மறுபக்கத்துப் பெட்டிக்காக நாற்பத்தைந்து செக்கன் பார்த்திருக்கும், வராவிட்டால் லைனை வெட்டும்.

ஆக, பெட்டியின் வாயையும் கட்டி, திரையின் வாயையும் கட்டிவிட்டு, என்ன நடந்தது என்று சொல்கிறதில்லையே என்று முதலாளி ஒன்பது நாளாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தார். இதை ஜெமீல் மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டான். முதலாளி இன்னும் தேத்தண்ணி தரவில்லை.

நதீரா விசையைத் தட்டினாள். நாலு பேரும் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் கூடத்தில் இருபது தறி தடக் தடக் என்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் திரையில், மறுபக்கத்துப் பெட்டி வரவில்லை என்பதற்கான இரண்டு சொல் விழுந்தது.

NO CARRIER.

"கரியர் இல்ல!" ஷரிபுதீன் மேசையில் அடித்தார். "கொண்டு போறவன் ஒருத்தன் இருந்திருக்கான். இப்ப அவன் இல்ல."

"சைக்கிளச் சொல்லுதாக்கும்," என்றான் ஜெமீல். "கரியர் இல்லாட்டிப் பின்னுக்குச் சாறன ஏத்த ஏலாதுதானே."

இரண்டாம் தடவை, வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். கரியர் இல்லை. மூன்றாம் தடவை, S-ஐயும் B-யையும் இடம் மாற்றச் சொன்னார் ஷரிபுதீன். கள்ளக் கூட்டத்தைக் கலைக்கிறாராம். கரியர் இல்லை. நாலாம் தடவை, டெலிபோன் வயரைக் கழற்றி ஊதித் திரும்பப் பூட்டினார்கள். கரியர் இல்லை. ஐந்தாம் தடவைக்கு முன் கரண்ட் போனது. கரண்ட் வரும்வரை முதலாளி, தன் வாப்பா காலத்தில் டிசைனைத் தபாலில் அனுப்பியதையும், அது போய்ச் சேர்ந்ததையும், அந்தக் காலத்துத் தபால்காரர்களின் குணநலன்களையும் எடுத்துரைத்தார். கரண்ட் வந்தது. கரியர் வரவில்லை.

மணி மூன்று ஐந்து. நதீரா தாவணித் தலைப்பால் கண்ணைத் துடைப்பது தெரியாமல் துடைத்தாள். நாலாவது தடவையாக, "காக்கா, அந்தப் புத்தகம்..." என்று தொடங்கினாள்.

"மகள்," என்றார் ஷரிபுதீன், நோயாளியிடம் கதைக்கும் டொக்டரின் பொறுமையோடு, "அது தெரியாதவங்களுக்கு எழுதின புத்தகம்."

"எங்களுக்குத் தெரியாதே காக்கா," என்றாள் நதீரா. அவர் ஆறாம் தடவை அனுப்பச் சொன்னார்.

அந்த நேரம் பின்னால் கூடத்தில் தேத்தண்ணிக்கு விட்டார்கள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. காதுக்குள் ஒரு வெற்றிடம் வந்தது.

ஜெமீல் அலுத்துப்போய் மேசையில் கையை மடக்கித் தலையைச் சாய்த்திருந்தான். அவனுடைய காது மோடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து பல்லி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. டிக் டிக் டிக் என்று ஒரு வரிசை. ஒரு சின்ன நிறுத்தம். திரும்ப ஒரு வரிசை. திரும்ப ஒரு நிறுத்தம். மூன்றாவது வரிசை. பிறகு ஒன்றுமில்லை.

துப்பறிய வருமுன் ஜெமீல் இரண்டு வருஷம் டெலிபோன் கம்பத்தில் ஏறி வேலை செய்தவன். மேலதிகாரியைப் பற்றிக் கம்பத்து உச்சியிலிருந்து சொன்ன ஒரு பகிடி, அதே கம்பியில் மேலதிகாரிக்கே போய்ச் சேர்ந்ததால் வேலை போனது. ஆனால் காதுப் பழக்கம் போகவில்லை. அவன் தலையைத் தூக்கவில்லை.

"நதீரா, இன்னொருக்கா அடிங்க."

திரும்ப மூன்று வரிசை. அவன் விரலை மடக்கி எண்ணினான். பிறகு நிமிர்ந்தான். பகிடி ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்ததால் ஷரிபுதீனுக்கே பயம் வந்தது.

"முதலாளி, கொழும்பு நம்பர் என்னத்தில தொடங்குது?"

"சைபர் ஒண்டு."

"சைபருக்குப் பத்துத் தட்டு தட்டணும். அதுக்குப் பிறகு ஒரு தட்டு. இந்தப் பெட்டி பத்துத் தட்டவே இல்ல. கொழும்புப் பக்கமே போகல்ல. முதல்ல ஏழு தட்டுது. பிறகு எட்டு. பிறகு ஆறு. அதோட நிண்டிடுது."

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். எழுநூற்று எண்பத்தாறு. வீட்டு நிலையில், பஸ் கண்ணாடியில், கலியாணக் கார்டில், பரீட்சைத் தாளில், பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எல்லாருடைய கையும் எழுதுகிற எண். ஒன்பது நாளாக எல்லாருடைய கண்ணும் அதைப் பார்த்தது. பார்த்ததால்தான் ஒருவரும் காணவில்லை.

"அந்த M0-வ எடுங்க," என்றான் ஜெமீல். "பெட்டி வாயத் திறக்கட்டும்."

நதீரா எடுத்தாள். தட்டினாள். இந்த முறை பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கர் உயிர் பெற்றது. இரைச்சல், தட்டுகள், மணியடிக்கும் சத்தம். பிறகு யாரோ எடுத்தார்கள். பெட்டி மரியாதையாக 'பீ' என்றது.

"ஹலோ?" என்றது ஒரு கனத்த குரல். "மறுகாவும் வந்துட்டியா? இண்டைக்கு இது ஒன்பதாவது தரம். உனக்கு வேற வேல இல்லியா? இரு, வாறன்."

சீனிமுகம்மது ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினார்.

நதீரா தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டாள். முதலாளி கதிரையிலிருந்து எழும்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கறுப்புப் பெட்டியைச் சுற்றி நாலு பேரும் தலை குனிந்து நிற்க, அது இடைக்கிடை பீ என்றது. ஓதி முடிந்தது. நாற்பத்தைந்து செக்கனும் முடிந்தது. லைன் வெட்டுப்பட்டது.

"பார்த்தியா, போயிட்டு," என்ற ஹாஜியாரின் திருப்தியான குரல்தான் கடைசியாகக் கேட்டது.

NO CARRIER.

"ரெண்டு வழக்கும் ஒரு வழக்கு," என்றார் ஷரிபுதீன், தான்தான் எண்ணியதுபோல. "அப்பவே எனக்கு ஒரு சந்தேகம்."

புரோக்கிராம் பைலை மேலிருந்து கீழாக வாசிக்கிறது. சாய்கோடு இல்லாமல் முதலாவதாகக் கண்ட எண்ணை டெலிபோன் நம்பர் என்று பிடித்துக்கொள்கிறது. அந்த 786-தான் ஹாஜியார் அலைந்து வாங்கிய நம்பர். கீழே கொழும்பு நம்பர் காத்துக் கிடக்கிறது. ஏச வாயெடுத்த முதலாளி, மேசையில் கிடந்த தன் பில் புத்தகத்தைப் பார்த்தார். அதன் தலைப்பிலும் 786. வாயை மூடிக்கொண்டார்.

"சரி, சரி. கள்ளன் இல்லாட்டிச் சந்தோசம்தான். இப்ப அத அழிச்சிட்டு அனுப்பு."

நதீரா விரலை அழிக்கிற விசைக்கு மேலே கொண்டுபோனாள். விரல் அங்கேயே நின்றது.

"எனக்கு ஏலா முதலாளி," என்றாள். "எழுதினத எப்படி அழிக்கிற? நீங்க அழிங்க."

"நானா?" முதலாளி இரண்டடி பின்னுக்குப் போனார். மூவாயிரம் சாறன் போகிற நேரத்தில் பிஸ்மில்லாவை அழித்துவிட்டு வியாபாரம் தொடங்கச் சொல்கிறாயா என்று கேட்டார். இதற்கென்றுதானே துப்பறிகிறவரைக் கூப்பிட்டது என்றும் சொன்னார்.

ஷரிபுதீன், தன் வேலை கண்டுபிடிப்பதோடு முடிந்தது, அழிப்பது அதில் சேராது என்றார். எல்லாரும் ஜெமீலைப் பார்த்தார்கள்.

"எனக்கு டைப் தெரியாது," என்றான் ஜெமீல், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு குறையைப் பெருமையோடு.

அழிக்கவும் ஏலாது, வைத்திருக்கவும் ஏலாது. எண்ணைக் கீழே தள்ளலாமே என்று முதலாளி சொன்னார். தலைப்பில் எழுதியதைக் காலடியில் வைப்பதா என்று அவரே வாபஸ் வாங்கினார். இதற்குள் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். முதலாளியும் ஜெமீலும் பள்ளிக்குப் புறப்பட்டார்கள். ஷரிபுதீன் வரவில்லை. தான் இங்கேயே தொழுவதாகவும், கொஞ்சம் தனியாக யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது மணி நாலு ஐந்து. வழியில் முதலாளி இரண்டு தடவை பள்ளியைத் திரும்பிப் பார்த்தார். பள்ளியில் நதீராவின் வாப்பா முன் வரிசையில் இருந்திருந்தார், சலாம் சொல்லியிருந்தார்.

ஒபிஸ் அறையில் ஷரிபுதீன் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நதீரா திரையைக் காட்டினாள். தலைப்பில் 786 அப்படியே இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னக் குறி. புள்ளிக்குக் கீழே ஒரு கமா.

"செமிகோலன்," என்றார் ஷரிபுதீன் கண்ணைத் திறக்காமல். "அத முன்னுக்குப் போட்டா அந்த வரிய மிஷின் தொடாது. அது வாசிக்கிற மனுசருக்கு மட்டும். எழுதினது எழுதினபடியே இரிக்கும்."

"எப்படி மச்சான் கண்டுபிடிச்சீங்க?"

"மூளை."

நதீரா குனிந்து விசைப் பலகையில் இல்லாத தூசியைத் தட்டினாள். பிறகு பிஸ்மில்லாவை வாயாலும் சொல்லிவிட்டு PM @SARAM என்று தட்டினாள். ஜெமீல் எண்ணினான். பத்துத் தட்டு. ஒரு தட்டு. அதற்குப் பிறகு ஆறு வரிசை. மணி அடித்தது. மறுபக்கத்தில் ஒரு பெட்டி எடுத்து, கழுத்தை நெரித்த மயில்போல அகவியது. இந்தப் பெட்டியும் பதிலுக்கு அகவியது. முதலாளி காதைப் பொத்தவில்லை.

நாலு இருபத்திரண்டுக்கு டெலிபோன் அடித்தது. கொழும்பு. ஊதாக் கட்டம் வந்துவிட்டது, நெய்யத் தொடங்கலாம்.

முதலாளி டெலிபோனை வைத்துவிட்டு நெடுநேரம் அதைத் துடைத்தார். நதீராதான் கேட்டாள், அமைதியாக.

"வாப்பாக்கிட்ட என்ன சொல்லப் போறீங்க முதலாளி?"

"சலாம் சொன்னன் எண்டு சொல்லு," என்றார் அவர். சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தே சொன்னார். "நாளைக்குப் பத்து மணிக்கு அடுத்த டிசைன் இரிக்கி. பிந்தாம வா."

புறப்படும்போதுதான் ஜெமீல் கவனித்தான். மோடத்துக்குக் கீழே இப்போது தறியில் கழித்துப்போட்ட ஒரு பலகைத் துண்டு முட்டுக் கொடுத்திருந்தது. நதீராவைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

மோட்டார் சைக்கிள் கல்முனை றோட்டில் ஏறியது. ஹாஜியாரிடம் போய் ஜின் இனி வராது என்று சொல்ல வேண்டும். எப்படி விரட்டியது என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் பாக்கி. பாண்டிருப்புத் தாண்டும்போது ஜெமீலின் முதுகில் தடித்த மூலையொன்று குத்தியது.

"என்ன மச்சான் அது?"

"மூளை. றோட்டப் பார்த்து ஓட்டு."

கொஞ்ச தூரம் போனார்கள். காற்றில் ஒரு தாள் படபடத்தது. விரல் வைத்து அமுக்கிய சத்தம். பிறகு இன்னொரு தாள் மெதுவாகப் புரண்டது.

"மச்சான்," என்றார் ஷரிபுதீன், றோட்டில் போகிற யாருக்கும் கேட்டுவிடாத குரலில். "நம்மட நீர்ப்பம்போடயும் ஒரு புத்தகம் வந்தெல்லா? அது இப்ப எங்க கிடக்கு?"